மின்பொன்னுக்கு வந்த வாசகர் கருத்துகள்

இணையத்தில் தமிழில் பணத்தைப் பற்றி எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நானும் ஒரு காலத்தில் அதையே செய்தேன் என்பது அந்த வெறுப்புக்கு முக்கியமான காரணம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டுச் சின்ன காஞ்சிபுரத்தில் வீட்டோடு இருந்தேன். அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். காலையில் பெருமாள் கோயிலில் பிரபந்த கோஷ்டி, மாலையில் அந்தக் கோஷ்டியில் யார் எந்தச் சொல்லைத் தப்பாகச் சொன்னார்கள் என்ற விசாரணை. உலகத்தில் பிழைகள் இரண்டு வகை என்று அவர் நம்பினார்: ஒற்று மிகும் இடத்தில் மிகாதது, மிகாத இடத்தில் மிகுந்தது. அவருடைய மகள் என்பதில் எனக்கும் ஏகப்பட்ட கர்வம் உண்டு.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அறையில் எனக்கு வேலை கிடைத்தது. முதலாளி தாமல் பக்கத்துக்காரர். ஏரிப் பாசனத்தில் நல்ல நிலம் இருந்த குடும்பம். அண்ணன்கள் விவசாயம் பார்த்தார்கள். இவர் கொஞ்ச நாள் கட்சியில் இருந்தார், வீட்டுமனை விற்றார், கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினார், எதிலும் நிலைக்காமல் கடைசியில் ஒரு இணையதளம் ஆரம்பித்திருந்தார். என்னைப் பார்த்த முதல் நாளே ஒப்பந்தத்தைச் சொல்லிவிட்டார்.

"உங்களுக்குத் தமிழு வரும், எனக்கு இண்டர்நெட்டு வரும். ரெண்டும் சேர்ந்தா போதும்மா."

அவருக்கு வந்த இண்டர்நெட் என்பது மெயிலைத் திறந்து, படித்து, மூடத் தெரியாமல் கம்ப்யூட்டரையே அணைப்பது.

தளத்தின் விஷயம் இதுதான். வெளிநாட்டில் ஒரு கம்பெனி தன் பெட்டகத்தில் தங்கம் வைத்திருப்பதாகச் சொன்னது. நீங்கள் பணம் கட்டினால் உங்கள் பேரில் இத்தனை கிராம் என்று திரையில் காட்டும். அந்தக் கிராமை உலகத்தின் எந்த மூலையில் இருப்பவருக்கும் உடனே அனுப்பலாம். பேங்க் வேண்டாம், கையெழுத்து வேண்டாம், அரசாங்கமே வேண்டாம். இன்றைக்கு எல்லோரும் கிரிப்டோ கிரிப்டோ என்கிறார்களே, அதற்கு இது பெரியப்பா முறை. எங்கள் கட்டுரைகளைப் படித்துவிட்டு யாராவது அதில் சேர்ந்தால் முதலாளிக்கு அங்கிருந்து ஒரு பங்கு வரும். எனக்கு மாதச் சம்பளம்.

நான் அதற்கு 'மின்பொன்' என்று பெயர் வைத்தேன். அந்தச் சொல்லைக் கண்டுபிடித்த அன்று எனக்கிருந்த பெருமையை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. தங்கம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. யாரும் பார்த்திருக்கிறார்களா என்றும் தெரியாது. ஆனால் சொல் அழகாக இருந்தது. கம்பெனியின் ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து வரிசையாகக் கட்டுரைகள் எழுதினேன். ஒன்றை அச்செடுத்து அப்பாவிடம் காட்டினேன். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து முழுக்கப் படித்தார்.

"ரெண்டு எடத்துல ஒற்று விட்டிருக்கே. மத்தபடி நடை நன்னா வந்திருக்கு" என்றார்.

எதைப் பற்றிய கட்டுரை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் படிப்பு என்பது அதுதான்.

கொஞ்ச நாளில் முதலாளி சென்னையில் ஏதோ ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு 'ஃபீட்பேக்' என்ற சொல்லோடு திரும்பி வந்தார். குழந்தை புதுச் சொல்லைக் கற்றுக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி. டீக்கடையில் டீயைக் குடித்துவிட்டு மாஸ்டருக்கு ஃபீட்பேக் கொடுத்தார். ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழேயும் 'உங்கள் கருத்து' என்று ஒரு பெட்டி வைக்கச் சொன்னார். அதற்குப் பக்கத்தில் ஐந்து நட்சத்திரங்கள். பிடித்திருந்தால் ஐந்து, பிடிக்காவிட்டால் ஒன்று.

"இனிமே வாசகர் இன்னா சொல்றாரோ அப்படித்தான் எழுதணும். அவருதான் நமக்கு சாமி" என்றார்.

சாமிகள் பேச ஆரம்பித்தார்கள். முதல் வாரத்தில் வந்தவற்றில் பாதி, எழுத்துகளே தெரியவில்லை, திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வருகிறது என்ற புகார்கள். அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துருவைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும், பிரவுசிங் சென்டர்களில் அது இருக்காது. அப்படிக் கட்டங்களை மட்டுமே பார்த்த ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து 'அருமையான விளக்கம்' என்று எழுதியிருந்தார். இன்னொருவர், மின்பொன் என்றால் மின்னுகிற பொன்னா, மின்னாத பொன்னும் உங்களிடம் உண்டா என்று கேட்டிருந்தார். மற்றொருவர் கல்யாணத்துக்குப் பெண் பார்த்துத் தரும்படி கேட்டிருந்தார். நான் எல்லாவற்றையும் அச்செடுத்து ஒரு நோட்டில் ஒட்டினேன். ஒட்டும்போது ஒவ்வொருவரையும் மனதுக்குள் திட்டினேன். ஒரு வாக்கியத்தைக் கடைசி வரை படிக்கத் தெரியாத இந்தக் கூட்டத்துக்காகவா நான் எழுதுகிறேன் என்று நினைத்தேன்.

அவர்கள் சொன்னபடி திருத்தவும் செய்தேன். எழுத்துருவைப் பக்கத்திலேயே பதித்து வைத்தோம். நீளமான வாக்கியங்களை உடைத்தேன். கடினமான சொற்களை எடுத்தேன். உண்மையாகச் சொன்னால், கட்டுரைகள் தெளிவாயின. அதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது.

பிறகு ஒரே கேள்வி பல பேரிடமிருந்து வர ஆரம்பித்தது: இது எத்தனை நாளில் இரட்டிப்பாகும்?

இரட்டிப்பாகும் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. தங்கம் எப்படிக் குட்டி போடும்? முதலாளியிடம் சொன்னேன்.

"கேக்கறாங்க இல்லம்மா. அதப் போடுங்க."

"சார், கம்பெனியே அப்படிச் சொல்லலை."

"நான் இன்னா கம்பெனியா? வாசகரு கேக்கறாரு. ஃபீட்பேக் வந்துக்கினே இருக்குது. மதிக்காம இருந்தா அடுத்த தடவை வருவாரா?"

அன்றைக்கு நான் வேலையை விட்டிருக்கலாம். விடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வாக்கியம் எழுதினேன்: 'குறுகிய காலத்தில் இரு மடங்காகப் பெருகும் வாய்ப்பும் உண்டு எனச் சொல்லப்படுகிறது.' யார் சொன்னார்கள் என்று சொல்ல வேண்டாம். சொன்னவர் தலையை மறைத்துக்கொண்டு பொய் மட்டும் நடந்துபோகத் தமிழில் இப்படி ஒரு வழி இருக்கிறது. எழுவாயே இல்லாமல் ஒரு மோசடியை எழுதிவிட்டேன் என்று அந்த நேரத்தில் எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனமான திருப்திகூட வந்தது. ஒற்றுகள் எல்லாம் சரியாக இருந்தன.

அந்தக் கட்டுரைக்கு நட்சத்திரங்கள் குவிந்தன. அதற்குப் பிறகு எழுதியவற்றிலும் 'சொல்லப்படுகிறது' தவறாமல் வந்தது.

இந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு வாசகர் மட்டும் வேறு மாதிரி. பெயர் போடாமல், எண் போட்டுக் கேள்விகள் அனுப்புவார். தங்கம் எந்த ஊரில் இருக்கிறது? வெளியாள் யாராவது அதைத் தொட்டுப் பார்த்தாரா? எந்த முறையில் சோதித்தார்? கம்பெனி மூடிவிட்டால் எந்தக் கதவைப் போய்த் தட்டுவது? ஒரு நட்சத்திரம்தான் கொடுப்பார். முதலாளி அவருக்குக் 'கேள்விக்காரன்' என்று பெயர் வைத்து, வந்ததும் அழித்துவிடச் சொன்னார். நான் அழிக்கவில்லை. நியாய உணர்ச்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஆள் எழுதிய தமிழில் பிழை இல்லை, அதனால் மரியாதை.

ஆங்கிலப் பக்கத்தைத் தேடி, 'சுயேச்சையான தணிக்கையாளர்கள் தங்கத்தைப் பார்வையிடுகிறார்கள்' என்று கட்டுரையில் ஒரு வரி சேர்த்தேன். மறுநாளே பதில் வந்தது.

'விற்கிறவரே நல்ல சரக்கு என்று சொன்னால், நான் அதை எழுதி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவதில்லை. சோதித்துப் பார்ப்பதுதான் என் வேலை.'

ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும். படியேறி ஒரு பெண் வந்தாள். என் வயதுதான். கைத்தறிச் சேலை, தோளில் பை, கையில் தாள் கற்றை. பிள்ளையார்பாளையத்தில் வீடு, பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, ஜரிகை சோதிக்கிற இடத்தில் வேலை என்று நின்றபடியே சொன்னாள். பட்டுச் சேலைக்கு வாங்குகிற ஜரிகையில் எவ்வளவு வெள்ளி, எவ்வளவு தங்கம், எவ்வளவு செம்பு என்று பார்த்துச் சொல்கிற வேலை.

"கேள்வி அனுப்பறது நான்தான்" என்றாள்.

நான் இத்தனை நாளும் ஓய்வுபெற்ற ஒரு கணக்கு வாத்தியாரை மனதில் வைத்திருந்தேன். அசடு வழிந்தது.

அவள் தாள்களை என் மேசையில் பரப்பினாள். என்னுடைய கட்டுரைகள். பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தாள். உற்றுப் பார்த்தால் கோடுகள் எல்லாம் ஒரே சொல்லுக்குக் கீழே.

"சொல்லப்படுகிறது, சொல்லப்படுகிறதுன்னு போட்டிருக்கீங்களே. யாரு சொன்னது?"

நான் ஒரு தாளை எடுத்துப் புரட்டினேன்.

"தெரியாமத்தான் கேக்கறேன். நான் ஜரிகையப் பிரிப்பேன், உரசுவேன், ஆசிட்ல போட்டுப் பாப்பேன். அப்புறம் கீழ என் கையெழுத்து போடுவேன். தப்பா இருந்தா என்னை வந்து கேக்கலாம். இதுல உங்களையாவது கேக்கலாமா?"

"அந்த வரி வாசகர்கள் கேட்டதுனால சேர்த்தது" என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கு அருவருப்பாக இருந்தது.

"எங்கண்ணனும் உங்க வாசகர்தான். தறி போட்டிருக்காரு. சேலையில டிசைன் எடுக்கப் புது ஜக்கார்டு பெட்டி வாங்கணும்னு வச்சிருந்த பணத்தை இதுல போடப் போறேன்னு நிக்கிறாரு. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாரு. இவ்ளோ நல்ல தமிழுல எழுதறவங்க பொய் சொல்ல மாட்டாங்கன்னு நம்பிக்கினு இருக்காரு."

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். தாள்களையும் அடிக்கோடுகளையும் பார்த்து அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு வாசகி நேரில் வந்திருக்கிறாள்!

"உக்காருமா, உக்காரு. எவ்ளோ ஆர்வமா கோடு போட்டுப் படிச்சிருக்குது பாருங்க! ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? வாசகர் பக்கத்துல போடறேன்."

"சார், அந்தத் தங்கத்தை நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"நம்ம கோயில் மூலவரு நகையெல்லாம் நீ தொட்டா பாத்தே? இருக்குதுன்னு தெரியும் இல்ல? அது மாதிரிதான். அஞ்சு ஸ்டார் போடும்மா, மறந்துடாத."

அவள் அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். போலி ஜரிகையைப் பார்க்கும்போதுகூட அவள் அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். பிறகு தாள்களை மேசையிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள். நல்ல பொண்ணு, கொஞ்சம் கூச்சம் போல என்றார் முதலாளி.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிடப் போகாமல் ஒரு கட்டுரை எழுதினேன். அவள் கேட்ட கேள்விகளை அப்படியே போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே எனக்குத் தெரிந்த பதிலை எழுதினேன். தங்கம் எங்கே இருக்கிறது? எனக்குத் தெரியாது. யார் பார்த்தார்கள்? எனக்குத் தெரியாது. இரட்டிப்பாகுமா? அப்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானாக எழுதியது. இதில் யாராவது சேர்ந்தால் எங்களுக்கு என்ன கிடைக்கும்? பங்கு கிடைக்கும். அலங்காரமே இல்லாத கட்டுரை. முதலாளி கட்டுரை எதையும் படிக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். தைரியம் என்று இதைச் சொல்லக் கூடாது. படிக்காதவர் முதுகுக்குப் பின்னால் செய்த காரியம். கட்டுரையைத் தளத்தில் ஏற்றினேன்.

இதற்கு முன் எந்தக் கட்டுரைக்கும் வராத அளவுக்குக் கருத்துகள் வந்தன. பலர் நன்றி சொன்னார்கள். சிலர் என்னைத் திட்டினார்கள். நட்சத்திரங்கள் ஏராளம். முதலாளி எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு அறைக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் காட்டினார்.

"பாத்தியா, ஃபீட்பேக் கேட்டு எழுதினா எப்படி ஏறுது!" என்று கீழே ஜெராக்ஸ் கடைக்காரரிடமும் போய்ச் சொன்னார். என்ன கட்டுரை என்று அவருக்குத் தெரியாது. தன் தொழிலைத் தானே கேலி செய்கிற பக்கத்தை அவர் ஊருக்கெல்லாம் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை.

ஆனால் புதிதாகச் சேருகிறவர்கள் நின்றுபோனார்கள். வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து காரணம் கேட்டு ஒரு மெயில் வந்ததும்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது. ஜெராக்ஸ் கடைக்காரரைக் கூட்டி வந்து கட்டுரையைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். இரண்டாவது 'எனக்குத் தெரியாது' வந்தபோது எழுந்து நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது? சோறு போடற எடத்துலியே இப்படிப் பண்ணிட்டியே?"

"வாசகர் கேட்டதைத்தான் சார் எழுதினேன்."

"எல்லா வாசகரும் ஒண்ணா? நல்லா கேக்கறவங்களுக்கு பதில் சொல்லணும். வில்லங்கமா கேக்கறவனுக்கு எதுக்கு?"

அதுவரை மரியாதையாகப் பேசியவர் அன்றைக்கு ஒருமைக்கு இறங்கிவிட்டார். நான் என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பிறகு தளத்தைப் பார்த்தபோது கட்டுரையை எடுத்துவிட்டிருந்தார். அந்த இடத்தில் பழைய இரட்டிப்புக் கட்டுரையைப் போட்டு, புதிய கட்டுரைக்கு வந்த நட்சத்திரங்களை மட்டும் அப்படியே வைத்திருந்தார். அந்த மனிதரிடம் நான் வியந்த ஒரே திறமை அது.

சில மாதங்களில் அந்த வெளிநாட்டுக் கம்பெனி முடங்கியது. திரையில் கிராம்கள் அப்படியே தெரிந்தன, வெளியே எடுக்க முடியவில்லை. முதலாளி தளத்தை மூடிவிட்டு அதே அறையில் மூலிகை எண்ணெய் விற்க ஆரம்பித்தார்.

எனக்கு அந்தப் பெண்ணின் அண்ணன் நினைவாகவே இருந்தது. ஒரு நாள் பிள்ளையார்பாளையத்துக்குப் போனேன். ஜரிகை சோதிக்கிற பெண் வீடு என்று கேட்டதும் காட்டிவிட்டார்கள். கதவு திறந்தே இருந்தது. உள்ளே அவர் குழித்தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். தங்கை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

நான் யார் என்று அவரிடம் சொன்னேன். மின்பொன் கட்டுரைகளை எழுதியவள் நான்தான் என்றேன். திட்டட்டும் என்றுதான் போயிருந்தேன்.

அவர் தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"நீங்கதானா? வாங்கம்மா, வாங்க! இன்னா தமிழு, இன்னா தமிழு! பிரவுசிங் சென்டர்ல நாலு பேருக்குப் படிச்சுக் காட்டினேன் நானு."

எனக்கு நாற்காலி போட்டார். மனைவியிடம் காபி போடச் சொன்னார். ஜக்கார்டு பெட்டிக்கு வைத்திருந்தது முழுவதும் போய்விட்டது என்பதை மழை பெய்யவில்லை என்று சொல்வது போலச் சொன்னார்.

"நல்லாத்தான் போயிக்கினு இருந்துச்சு. நடுவுல எவனோ ஒரு விஷமி தெரியாது தெரியாதுன்னு ஒண்ணு எழுதினான் பாருங்க, அதுல பயந்துக்கினு எல்லாரும் விட்டுட்டாங்க. கம்பெனி படுத்துச்சு. அதுக்கு ஒரே ஒரு ஸ்டார்தான் குடுத்தேன்."

"அதையும் நான்தான் எழுதினேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பெரிய மனதோடு சிரித்தார்.

"போங்கம்மா. யாரையோ காப்பாத்தறதுக்குச் சொல்றீங்க. உங்க தமிழு எனக்குத் தெரியாதா? அது வேற ஆளு."

மறுபடியும் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. காபி வந்தது, குடித்தேன். தங்கை பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். நான் கிளம்பியபோது தெருமுனை வரை கூட வந்தாள்.

"நானும் எவ்ளோவோ சொல்லிப் பாத்துட்டேங்க. விடுங்க" என்றாள். "நான் உங்க ஆபீஸுக்கு வந்த அன்னிக்கே அவரு பணம் கட்டிட்டாரு. அந்தக் கட்டுரையை முன்னாடியே எழுதியிருக்கலாம் நீங்க."

"ஆமாம்" என்றேன்.

அவளுக்கு வேலைக்கு நேரமாகியிருந்தது, போய்விட்டாள். வீடு வரை நடந்தே வந்தேன். வழியெல்லாம் அவள் அண்ணனை ஏமாளி என்று நினைத்துக்கொள்ள முயன்றேன். என் வாசகர்களை அதுவரை அப்படித்தான் நினைத்திருந்தேன், அது எனக்குச் சுலபமாக வரும். அன்றைக்கு வரவில்லை. அடுத்த ஜூனில் வாலாஜாபாத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாகச் சேர்ந்தேன். முந்தைய வேலை என்னவென்று விண்ணப்பத்தில் கேட்டிருந்த இடத்தில் ஒன்றும் இல்லை என்று எழுதினேன்.